தர்மத்துக்குக் கணக்குக் கேட்கலாமா?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: "நன்கொடை கொடுக்கிற இடத்தில் வரவு செலவுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்." அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் எப்படிக் கேட்பது என்கிறார்கள், மீதிப் பேர் கேட்பதே தப்பு என்கிறார்கள், ஒருவர் என்னைத் திட்டியே நாலு பக்கம் எழுதியிருக்கிறார் (அவருக்கும் கீழே பதில் உண்டு). புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு தகவல்: இருபது வருடத்துக்கு மேல் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் டிரஸ்ட் கணக்குகளோடு மல்லுக்கட்டியவள் நான். அதனால் என் சந்தேகபுத்தி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பென்ஷனில் மாதம் ஆயிரம் ரூபாய் பக்கத்து ஊர் குழந்தைகள் இல்லத்துக்கு ஆறு வருடமாக அனுப்புகிறேன். 80ஜி சான்றிதழை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். என் மகனோ "எல்லாம் ஏமாற்று" என்கிறான். அரசாங்கமே சான்று கொடுத்த பிறகு எப்படி ஏமாற்றாக இருக்கும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

அக்கா, உங்கள் மகன் சொல்வதும் முழுக்கச் சரியில்லை, நீங்கள் நம்புவதும் சரியில்லை. 80ஜி என்பது நன்கொடை கொடுத்த உங்களுக்கு வருமான வரியில் சலுகை தருவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு தருவது 12ஏ என்று நாம் சொல்லிவரும் இன்னொரு பதிவு. இரண்டையும் தரும்போது வருமான வரித்துறை என்ன பார்க்கும்? டிரஸ்ட் பத்திரத்தில் நோக்கம் சரியாக எழுதியிருக்கிறதா, கணக்கு தணிக்கை ஆகியிருக்கிறதா, வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவு செய்தார்களா, இப்படி. அந்தக் குழந்தைகள் ராத்திரி வயிறாரச் சாப்பிட்டார்களா என்று பார்க்க அங்கிருந்து யாரும் வரப்போவதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவர் எல்லாம் ஒழுங்காகவா வண்டி ஓட்டுகிறார்?

இன்னொன்று, அந்த பிரேமுக்குள் இருக்கும் காகிதத்தில் தேதியைப் பாருங்கள். முன்பெல்லாம் 80ஜி ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் செல்லும் என்றிருந்தது. 2021 ஏப்ரலில் விதி மாறி எல்லோரும் மறுபடி பதிய வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரேமில் இருப்பது 2021க்கு முந்தைய காகிதம் என்றால் அது வெறும் சுவர் அலங்காரம். வருமான வரித்துறை இணையதளத்தில் விலக்கு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெயரோ பான் எண்ணோ போட்டுத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், மகனையே தேடச் சொல்லுங்கள், வீட்டில் சண்டையாவது குறையும். கையெழுத்து ரசீது மட்டும் போதாது, உங்கள் பெயரில் 10பிஇ என்ற சான்று வர வேண்டும். டிரஸ்ட் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலைத் துறைக்கு அனுப்பினால்தான் அது வரும். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண், படிவ எண்ணெல்லாம் வேறு, ஆனாலும் எல்லோர் வாயிலும் 80ஜிதான்.) இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறைக்குப் போய்விட்டவர்களுக்கோ எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. பென்ஷன்காரர்கள் நிறைய பேர் அப்படிப் போய்விட்டு இன்னும் 80ஜி ரசீதைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்!

சரி, வருமான வரித்துறை பார்க்காததை வேறு யார் பார்க்கிறார்கள்? இங்கேதான் சிக்கல். மகாராஷ்டிராவில் 1950இலிருந்தே பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும் அதைக் கவனிக்க ஓர் ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் கோயிலுக்கும் அதைச் சேர்ந்த கட்டளைகளுக்கும் அறநிலையத் துறை இருக்கிறது, மற்ற டிரஸ்டுகளுக்கு அப்படி ஓர் ஆணையர் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துவிட்டு வந்தால் அதோடு சரி. சங்கமாகப் பதிந்திருந்தால் 1975ஆம் வருடச் சட்டப்படி மாவட்டப் பதிவாளருக்கு வருடா வருடம் கணக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாபநோக்கமில்லாத கம்பெனியாகப் பதிந்தவர்கள்தான் இருப்பதிலேயே திறந்த புத்தகம், கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் நூறு ரூபாய் கட்டினால் அவர்களது ஆண்டுக் கணக்கை நீங்களே பார்க்கலாம். டிரஸ்டுகள் வருமான வரித்துறைக்குப் போடும் ரிட்டர்னை நாம் பார்க்க முடியாது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு, தொண்டு நிறுவனங்கள் தாக்கல் செய்யும் 990 என்ற படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை வைத்துத்தான் அங்கே 2001இல் தொடங்கிய சாரிட்டி நேவிகேட்டர் போன்ற அமைப்புகள் நட்சத்திரம் போட்டு வருகின்றன. காகிதமே வெளியே வராத ஊரில் யார் எதற்கு நட்சத்திரம் போடுவது?

உங்கள் விஷயத்தில், குழந்தைகள் இல்லம் என்பதால் ஒரு கூடுதல் பிடி இருக்கிறது. 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவில் அந்த இல்லம் பதிவாகியிருக்க வேண்டும். 80ஜியைவிட இதை முதலில் கேளுங்கள். 2021இல் மதுரையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலிக் காகிதம் தயார் செய்தார்கள், உயிரோடிருந்த குழந்தையை விற்றிருந்தார்கள். காகிதம் பக்காவாகத்தான் இருந்தது. அதனால் காகிதத்தையும் பாருங்கள், நேரிலும் போங்கள், முடிந்தால் சொல்லாமல் போங்கள்.

மேடம், ஒரு தொண்டு அமைப்பின் நோட்டீஸில் கியூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் ஒரு தனி ஆளின் பெயர் வருகிறது. அனுப்பலாமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

அனுப்பாதே தம்பி. டிரஸ்ட் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் டிரஸ்ட் பெயரில் பணம் கேட்கக் கூடாது. "டிரஸ்ட் அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சினை, அதான் செக்ரட்டரி நம்பர்" என்பார்கள், பிரச்சினை தீர்ந்ததும் தருகிறேன் என்று சொல்லிவிடு. பான் எண் கொடுத்தால் அதன் நாலாவது எழுத்தைப் பார். டிரஸ்ட் என்றால் 'டி' (T), சங்கம் என்றால் பெரும்பாலும் 'ஏ' (A), கம்பெனி என்றால் 'சி' (C) இருக்கும். 'பி' (P) இருந்தால் அது தனி நபருடையது.

ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்குத்தான் இருக்கிறதே, அதற்கு மேலும் வெளியாட்களான நாம் கணக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது கொஞ்சம் அதிகமில்லையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

நான் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள், அதனால் கூசாமல் சொல்கிறேன். நாங்கள் வவுச்சர் இருக்கிறதா என்று பார்ப்போம், தொகை புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். ஒருமுறை ஒரு முதியோர் இல்லத்துக் கணக்கு என் கைக்கு வந்தது, பெயர் வேண்டாம். தங்கியிருந்தவர்கள் நாற்பது பேர். அரிசி பில் மாதத்துக்கு 45 சிப்பம், சிப்பம் 25 கிலோ. நான் பென்சிலால் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு நானூறு கிராம் (வயதானவர்கள், அவ்வளவு சாப்பிடவே மாட்டார்கள்) வைத்தாலும் மாதம் 480 கிலோ, இருபது சிப்பத்துக்குள் முடிந்துவிடும். மீதி 25 சிப்பம் எங்கே? எங்கள் ஆபீஸ் பெரிய ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு "பில் இருக்கில்லம்மா?" என்றார். பில் இருந்தது. கையெழுத்தும் விழுந்தது. அவர் கெட்டவர் இல்லை, அவரைக் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார், அரிசி யார் வயிற்றுக்குப் போனது என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவருக்கு ஃபீஸ் கொடுத்தது அந்த இல்லம், அதையும் மறக்க வேண்டாம்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் கதையைக் கேளுங்கள். அங்கே தேசியச் சிறுநீரக அறநிறுவனம் என்று ஒன்று, 1969இல் தொடங்கியது, டயாலிசிஸ் நோயாளிகளுக்காக டிவியில் நட்சத்திரக் கலைநிகழ்ச்சி நடத்தி, பார்ப்பவர்களை போன் போட வைத்தே கோடி கோடியாகத் திரட்டியது. தலைமை நிர்வாகி டி.டி. துரை, நம்ம தமிழர்தான், கெட்டிக்காரர். தொண்ணூறுகளின் கடைசியிலேயே இரண்டு பேர் தனித்தனியாக "இவர் விமானத்தில் முதல் வகுப்பில் போகிறார்" என்று சொன்னார்கள். அறநிறுவனம் அவர்கள் மேல் அவதூறு வழக்குப் போட்டது, இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுப் பணமும் கட்டினார்கள். அப்புறம் யார் வாய் திறப்பார்கள்?

2004 ஏப்ரலில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை. துரையின் அலுவலகக் குளியலறைக்குத் தங்க முலாம் பூசிய குழாய் கேட்டார்கள் என்று வேலை எடுத்த காண்டிராக்டர் சொன்னதை அதில் எழுதியிருந்தார்கள். வழக்கம் போல அவதூறு வழக்கு. ஆனால் இந்தத் தடவை எதிரில் நின்றது தனி ஆள் இல்லை, வக்கீல் வைத்துச் சண்டை போடத் தெம்புள்ள பத்திரிகைக் கம்பெனி. 2005 ஜூலையில் விசாரணை. குறுக்கு விசாரணையில் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: மாதச் சம்பளம் 25 ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி, போனஸோடு வருடத்துக்குச் சுமார் ஆறு லட்சம் வெள்ளி, முதல் வகுப்புப் பயணம் உண்மை, சொந்த பென்ஸ் காருக்கான செலவு நிறுவனக் கணக்கில். கையிருப்பு மூன்று வருடத்துக்குத்தான் காணும் என்று ஜனங்களிடம் சொல்லிப் பணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், டயாலிசிஸ் செலவை மட்டும் வைத்துப் பார்த்தால் முப்பது வருடத்துக்குத் தாங்கும் என்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டாவது நாளே வழக்கை வாபஸ் வாங்கினார் துரை, அதே வாரம் பதவியும் போயிற்று. இதற்கு நடுவில் நிறுவனத்தின் புரவலரான பெரிய இடத்து அம்மையார் ஒருவர் ஆறு லட்சமெல்லாம் வேர்க்கடலை மாதிரி என்று சொல்லிவைக்க, மாதா மாதம் பத்து வெள்ளி இருபது வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்த சாதாரண ஜனங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாத நன்கொடையை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒரு போலி பில் விவகாரத்தில் துரை மூன்று மாதம் சிறைக்கும் போனார்.

அந்த நிறுவனத்துக்கு ஆடிட்டர் இல்லாமலா இருந்தார்? கணக்கு தணிக்கையாகித்தான் வந்துகொண்டிருந்தது. குழாய்க்கும் சம்பளத்துக்கும் பில் இருந்தால் கணக்கு சரி. "இந்தச் சம்பளம் நியாயமா, இதை ஏன் ஜனங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அதன் பிறகு சிங்கப்பூர் முழித்துக்கொண்டது. 2007இல் அறநிறுவனங்களுக்கு நிர்வாக நெறிமுறை வந்தது, அதைக் கவனிக்க ஒரு மன்றமும் வந்தது. இன்று அங்கே ஒரு நிறுவனம் தன் நெறிமுறைப் பட்டியலில் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். நிதி திரட்ட ஆகும் செலவு திரட்டிய தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி. அதே சிறுநீரக அறநிறுவனமும் புது நிர்வாகத்தோடு இன்றைக்கும் நடக்கிறது, மூடிவிடவில்லை.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பது பாவம் இல்லையா, அம்மா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! பக்கத்தில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். நந்தா விளக்கு (அணையா விளக்கு) ஒன்றுக்கு 96 ஆடு, தினம் ஓர் உழக்கு நெய் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஆடுகளுக்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர், அதாவது ஆடு செத்துப்போச்சு, கிழடாகிப்போச்சு என்ற கதையெல்லாம் நடக்காது, எண்ணிக்கை குறையவே கூடாது. பொன்னை "ஆடவல்லான்" என்ற எடைக்கல்லால் நிறுத்து எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர் ராஜராஜன், கொடுத்தது சாமிக்கு, அப்படியும் எடை போட்டார்கள். தர்மக் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசியில் "பன்மாஹேச்வரர் ரக்ஷை" என்று முடிப்பார்கள், அடியார் கூட்டம் இதைக் காக்கட்டும் என்று அர்த்தம், கொடுத்தவனும் வாங்கினவனும் இல்லாத மூன்றாவது ஆள் பொறுப்பு. உத்திரமேரூர்க் கல்வெட்டிலோ இன்னும் ஒரு படி மேலே, ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் மட்டுமில்லை, மாமன், மைத்துனன், மருமகன் வரை நிற்கக் கூடாது. பத்தாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பாரே.

அக்கா, நான் கொடுக்கும் டிரஸ்டின் நிறுவனரை நேரில் தெரியும், தங்கமான மனுஷன். ஆனால் டிரஸ்டிகள் அவர், அவர் மனைவி, மகன், மருமகள். இதில் தப்பு இருக்கிறதா?
– ஒரு வாசகி, விருதுநகர்

சட்டப்படி தப்பில்லை. ஆனால் தங்கமான மனுஷனுக்குப் பிறகு என்ன ஆகும்? பிரிட்டனில் கேப்டன் டாம் என்ற முன்னாள் ராணுவ வீரர், நூறு வயதை நெருங்கும்போது, 2020 ஊரடங்கில் வீட்டுத் தோட்டத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தே மருத்துவத் துறை அறக்கட்டளைகளுக்காக மூன்று கோடியே எண்பது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். அந்தப் பணத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்புறம் அவர் பெயரில் குடும்பம் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. அவர் பெயரில் வந்த புத்தகங்களுக்கான 14 லட்சம் பவுண்டுக்கும் மேலான முன்பணம் குடும்பக் கம்பெனிக்குத்தான் போனது, அறக்கட்டளைக்குப் போகும் என்று நம்பிப் புத்தகம் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். இதை வெளியே சொன்னது யார்? அங்கே அறக்கட்டளைகளைக் கவனிக்கும் ஆணையம், 1853இலிருந்து இருக்கிறது. 2024 நவம்பரில் விசாரணை அறிக்கையை எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிட்டது.

உங்கள் நிறுவனரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: "குடும்பத்துக்கு வெளியே இருந்து இரண்டு டிரஸ்டியைப் போடுங்கள், சார்." தங்கமான மனுஷன் என்றால் யோசிப்பார்.

"நீங்கள் தரும் நூறு ரூபாயில் நூறும் ஏழைக்கே" என்று ஒரு விளம்பரம். இன்னொரு நிறுவனம் நிர்வாகச் செலவு 22 சதவீதம் என்கிறது. முதலாவதற்குக் கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்?
– ஐ.டி. ஊழியர், சென்னை

இல்லை. முதலாவது நிறுவனத்தில் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்? ரசீது அடிப்பவர், கணக்கு எழுதுபவர், ஆடிட்டர் எல்லோரும் சும்மாவா வேலை செய்கிறார்கள்? வேறு ஒரு பெரிய கொடையாளர் அந்தச் செலவை ஏற்றிருக்கலாம், அப்படியென்றால் அதைச் சொல்லட்டும். இல்லையென்றால் நிர்வாகச் செலவை "கல்விப் பணி" தலைப்பில் ஏற்றியிருப்பார்கள், ஏற்றுவது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

எல்லை போடும் நாடுகள் உண்டு. ஸ்வீடனில் நன்கொடை திரட்டுபவர்களுக்கென்று தரும் "90" என்று தொடங்கும் கணக்கு எண் வாங்க வேண்டுமென்றால் வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் நோக்கத்துக்குப் போக வேண்டும், ஜெர்மனியின் நன்கொடை முத்திரைக்கு விளம்பரமும் நிர்வாகமும் சேர்த்து 30க்குள். நம் ஊரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 இருந்தது. ஆனால் இந்த ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்று 2013இல் சாரிட்டி நேவிகேட்டர் உட்பட அமெரிக்காவின் மூன்று கண்காணிப்பு அமைப்புகளே சேர்ந்து நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதின. சதவீதத்தை வைத்து நட்சத்திரம் போட்டு ஜனங்களைப் பழக்கியதும் அவர்களில் ஒருவர்தான், அது வேறு விஷயம். நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்காமல் மருந்து மட்டும் வாங்கி அடுக்கினால் நிர்வாகச் செலவு பூஜ்யம்தான், ஊசி யார் போடுவது?

சரி, கண்காணிக்கிறவனை யார் கண்காணிப்பது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

நாகர்கோவில்காரர் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இங்கே 2004இல் தொடங்கிய கிரெடிபிலிட்டி அலையன்ஸ் இருக்கிறது, கைடுஸ்டார் இந்தியா இருக்கிறது, இரண்டும் தொண்டு நிறுவனங்களைப் பார்த்துச் சான்று தருபவை. கிரெடிபிலிட்டி அலையன்ஸ் அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று பேரின் சம்பளத்தோடு, இருப்பதிலேயே குறைந்த சம்பளம் வாங்குபவரின் சம்பளத்தையும் வெளியிடச் சொல்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது, ஒரே வரியில் ஒரு நிறுவனத்தின் குணம் தெரிந்துவிடும். (நிதி ஆயோக்கின் தர்பண் எண் இதில் சேராது, அது பதிவு எண் மட்டுமே, அதைப் போட்டு "அரசு அங்கீகாரம்" என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள்.) குறை என்னவென்றால், சான்று வேண்டும் என்று கேட்டு வருபவர்களைத்தான் இவர்கள் பார்க்க முடியும். ஒளிக்க விஷயம் உள்ளவர் வரவே மாட்டார்.

கட்டணத்தை நிறுவனமே கட்டும்போது முத்திரை நேர்மையாக இருக்குமா என்பது நியாயமான கேள்வி. நான் பார்க்கும் பரீட்சை ஒன்றுதான்: பெரிய இடத்திடமிருந்து முத்திரையை எப்போதாவது திரும்ப வாங்கியிருக்கிறார்களா? ஜெர்மனியின் அந்த முத்திரையை 1992இலிருந்து கொடுப்பது பெர்லினில் உள்ள ஓர் அமைப்பு, கட்டணம் நிறுவனங்கள்தான் கட்டுகின்றன. 2008 பிப்ரவரியில் யுனிசெஃப்பின் ஜெர்மன் கிளையிடமிருந்தே முத்திரையைப் பறித்தார்கள், காரணம் நிதி திரட்டிக் கொடுத்தவர்களுக்குக் கமிஷன் கொடுத்த விஷயத்தில் உண்மையைச் சொல்லவில்லை என்பது. அதன் தலைவி அதற்குச் சில நாள் முன்புதான் ராஜினாமா செய்திருந்தார், மாத நன்கொடையாளர்கள் ஏராளமாக விலகினார்கள். யுனிசெஃப்பிடமே கறாராக இருந்தவர்கள் கொடுக்கும் முத்திரை என்றால் மற்றவர்கள் நெற்றியில் இருக்கும்போது நம்பலாம்.

மகளின் பிறந்தநாளுக்கு ஓர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட ஆசை. நல்ல இடமாகச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, மதுரை

இடம் சொல்ல மாட்டேன், பெயர் சொல்வதில்லை என்பது இந்தப் பக்கத்தின் வழக்கம். நாளைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் இப்படிப் போனோம், பிரியாணி அண்டாவோடு. வாசலில் இன்னொரு குடும்பம் காலி அண்டாவை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தைகள் பதினொன்றரைக்கே சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள், அப்படியும் வரிசையாக உட்காரவைத்து, கைகூப்பிப் பாட்டுப் பாடவைத்து, மறுபடி இலை போட்டார்கள். ஒரு பையன் கோழித்துண்டைத் தொடவே இல்லை, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸ் சுவரில் காலண்டர் தொங்கியது, ஞாயிறுகளில் எல்லாம் இரண்டு மூன்று பெயர், செவ்வாய், புதன், வியாழன் ராத்திரிகள் வெறும் வெள்ளை.

நீங்களும் அந்தக் காலண்டரைக் கேட்டுப் பாருங்கள். காட்டினால் நல்ல இடம். வெள்ளையாக இருக்கும் ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கேஸ் சிலிண்டருக்கோ டியூஷன் டீச்சர் சம்பளத்துக்கோ கொடுங்கள். பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்களைப் போன்றவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிவிடுகிறீர்கள். நானும் என் மனைவியும் எட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறோம். போன மாதம் நீங்கள் எழுதியதற்குப் பிறகு இரண்டு பேர் நன்கொடையை நிறுத்திவிட்டுக் கணக்குக் கேட்கிறார்கள். சான்றிதழுக்கும் ஆடிட்டருக்கும் கட்ட எங்களிடம் பணம் ஏது? எங்களைத் திருடன் என்கிறீர்களா? (நாலு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)
– கடலூர் மாவட்டம்

ஐயா, ஏசி இல்லை, மற்றபடி உங்கள் கோபம் நியாயமானது. கண்காணிப்பு என்று வந்தாலே முதலில் அடிபடுவது சின்ன ஆட்கள்தான். பெரிய நிறுவனத்துக்குப் படிவம் நிரப்பவே தனியாக ஆள் உண்டு, உங்களுக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். ஒரே மாதிரிப் படிவத்தை இரண்டு பேர் நடத்தும் இல்லத்துக்கும் இருநூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் நீட்டுவது எனக்கும் உடன்பாடில்லை. நிறுத்திவிட்டுக் கேட்ட அந்த இரண்டு பேரும், இதைப் படித்தால், கேட்டு வாங்குங்கள் என்றுதான் நான் சொன்னேன், நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை என்பதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களைக் கணக்குக் கேட்டதே அவமானம் என்று நீங்கள் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. சான்றிதழ் வேண்டாம், ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் மாட்டுங்கள். இந்த மாதம் வந்தது இவ்வளவு, அரிசி, காய்கறி, மருந்து, வாடகை இவ்வளவு, கையில் மீதி இவ்வளவு, கடன் இருந்தால் அதையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் அதை போட்டோ எடுத்து, பணம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஊரில் உங்களுக்கு உறவில்லாத ஒருவரை, ரிட்டயர்டு தபால்காரரோ பள்ளிக்கூட எச்.எம்.மோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரசீதுப் புத்தகத்தையும் பேங்க் பாஸ்புக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து பலகையில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பைசா செலவில்லை. மீதித் தொகையைக் காட்டினால் நன்கொடை குறைந்துவிடும் என்று பயம் வரும், நான் பார்த்தவரை அப்படிக் குறையவில்லை, கடனை எழுதிப் போட்ட ஓர் இல்லத்துக்கு மருந்துக்கடைக்காரரே பாக்கியைத் தள்ளுபடி செய்தார்.

அந்த ரிட்டயர்டு ஆள் யாரும் கிடைக்கவில்லை என்றால் முதல் தடவை நானே வருகிறேன். கடிதத்தில் போன் நம்பர் போட மறந்துவிட்டீர்கள், பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பஸ் செலவு என்னுடையது, மதியச் சாப்பாடு மட்டும் பிள்ளைகளோடு.